சான்று இருக்கும் பெட்டி உங்களிடம், கேள்வி மட்டும் என்னிடமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிசம்பர் 7 கொடிநாளுக்கு முன்னாள் படைவீரர்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தீர்கள். படித்தேன், சந்தோஷம். வருஷத்துக்கு ஒரு நாளாவது ஞாபகம் வைத்திருக்கிறார்களே என்று இருந்தது. பாராட்டைப் படித்த கையோடு என் வயிற்றெரிச்சலையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும். இடம் இல்லையென்றால் நடுவில் வெட்டாமல் கடைசியில் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் 24 வருஷம் பட்டாளத்தில் இருந்தவன். 1985-இல் வேலூரில் ஆள் எடுத்தபோது ஓடிக் காட்டி, கம்பியில் தொங்கிக் காட்டி, மார்பை விரித்துக் காட்டிச் சேர்ந்தேன், 2009-இல் ஹவில்தாராக வெளியே வந்தேன். எனக்குச் சேர வேண்டிய இரண்டு மெடல்கள் என் சர்வீஸ் ரெக்கார்டில் ஏறவில்லை. ஏற்றித் தாருங்கள் என்று எட்டு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஏறவில்லை. இவ்வளவுதான் கதை. ஆனால் இது என் ஒருவன் கதை இல்லை என்பது போன நவம்பரில்தான் தெரிந்தது.

நவம்பர் வந்தால் பென்ஷன்காரர்கள் எல்லாம் உயிரோடு இருக்கிறோம் என்று நிரூபிக்கப் போக வேண்டும் அல்லவா, அப்படி லைஃப் சர்டிபிகேட் கொடுக்கப் போன இடத்தில் சர்வர் வேலை செய்யவில்லை. வெளியே பெஞ்சில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கொரு ரெஜிமென்ட், எல்லோருக்கும் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் பி.பி.ஓ. என்னும் பென்ஷன் ஆணை, ரிட்டயர் ஆகும்போது சர்வீஸ் விவரம் எழுதித் தரும் டிஸ்சார்ஜ் புக், ஆதார், நாலு போட்டோ. பொழுது போகவில்லை, பேச்சு மெடல் பக்கம் திரும்பியது, ‘எடுங்கப்பா புக்கை’ என்று ஒருவர் சொல்ல, ஐந்து பேரும் பிரித்துப் பார்த்தோம். மூன்று பேர் புத்தகத்தில் ஏதாவது ஒன்று விட்டுப்போயிருந்தது. அதில் ஒருவருக்கு மெடல் பத்தியில் ஒரு கோடு மட்டும்தான். நீளமாக, ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. 17 வருஷம் வேலை பார்த்தவர், கார்கிலுக்கும் போனவர். அவர் அதுவரை அந்தப் பக்கத்தைப் பிரித்ததே இல்லையாம். பென்ஷன் வந்ததா, அதற்கு மேல் அதில் என்ன பார்க்க என்று இருந்திருக்கிறார்.

என் புத்தகத்தைச் சொல்கிறேன். நாலு மெடல் எழுதியிருக்கிறது: சைன்ய சேவா மெடல், சுதந்திரத்தின் 50-ஆவது ஆண்டு மெடல், ஒன்பது வருஷ நீண்ட சேவை மெடல், ஆபரேஷன் பராக்ரம் மெடல். நீல மையில் அழகான கையெழுத்து, யாரோ பொறுமையான கிளார்க். விட்டுப்போனது இரண்டு. ஒன்று இலங்கைக்குப் போனதற்கான சிறப்புச் சேவை மெடல், அதன் ரிப்பன் மேல் ‘ஸ்ரீலங்கா’ என்று ஒரு சின்னப் பட்டை வரும், கிளாஸ்ப் என்பார்கள். இன்னொன்று இருபது வருஷ நீண்ட சேவை மெடல்.

இந்த இரண்டாவதை நினைத்தால் எனக்குக் கோபம் வருவதற்குப் பதில் சிரிப்புதான் வருகிறது. ராணுவத்தைத்தான் கேட்கிறேன், 24 வருஷம் வேலை பார்த்தேன் என்று நீங்களே கணக்குப் போட்டு, நீங்களே பி.பி.ஓ. அடித்து, மாதா மாதம் பென்ஷன் போடுகிறீர்கள். அதே ஆள் 20 வருஷம் வேலை பார்த்தான் என்பதற்கு மட்டும் ஆதாரம் கொண்டு வா என்கிறீர்கள். 24-க்குள் 20 அடங்காதா? கணக்கில் நான் சுமார்தான், ஆனால் இந்த அளவுக்குத் தெரியும்.

மெடல் எப்படிப் பதிவில் ஏறுகிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். சிப்பாயின் வாழ்க்கையில் எது நடந்தாலும், கல்யாணம், குழந்தை, லீவு, புரமோஷன், கோர்ஸ், தண்டனை, மெடல் எல்லாமே, யூனிட்டில் இருக்கும் கிளார்க் பார்ட் டூ ஆர்டர் என்று ஒன்று அடித்து ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு அனுப்புவார். அங்கே அதைப் பார்த்து நம் ஷீட் ரோலில், அதாவது நம் சர்வீஸ் விவரம் முழுக்க இருக்கும் பதிவில், ஏற்றுவார்கள். ரிட்டயர் ஆகும்போது அந்த ஷீட் ரோலைப் பார்த்துத்தான் டிஸ்சார்ஜ் புக் எழுதுவது. ஆக நடுவில் ஒரு தாள் தவறினால் போச்சு. தவறவும் செய்யும். சண்டை நடக்கும்போது மெடல் வராது, அறிவிப்பு பின்னால் வரும், யார் யார் எத்தனை நாள் இருந்தார்கள் என்ற பட்டியல் அதற்கும் பின்னால் போகும். அதற்குள் பாதிப் பேர் வேறு யூனிட்டுக்கு மாறியிருப்பார்கள், யூனிட்டே பஞ்சாபிலிருந்து அஸ்ஸாமுக்கு மூட்டை கட்டியிருக்கும், கிளார்க்கும் மாறியிருப்பார். பழைய யூனிட் ‘புது யூனிட் அனுப்பும்’ என்று விட்டுவிடும், புது யூனிட்டுக்கு விஷயமே தெரியாது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, நான் அப்படிச் சொல்லவும் மாட்டேன்.

சிப்பாய் ஏன் அப்போதே கேட்கவில்லை என்று கேட்பீர்கள். எங்கே கேட்பது? ரிப்பன் குத்திக்கொள் என்று யூனிட்டில் சொன்னார்கள், குத்திக்கொண்டேன். 1996-இல் எடுத்த கம்பெனி குரூப் போட்டோ வீட்டில் மாட்டியிருக்கிறது, இரண்டாவது வரிசையில் இடமிருந்து நாலாவது ஆள் நான், அதில் என் சட்டைப் பைக்கு மேல் இலங்கை ரிப்பன் தெரிகிறது. அதற்கப்புறம் எத்தனையோ பரேடு, எத்தனையோ இன்ஸ்பெக்ஷன். பட்டன் பளபளப்பாக இல்லை என்று திட்டு வாங்கியிருக்கிறேன், ஆனால் அந்த ரிப்பன் உனக்கு ஏது என்று ஒருவரும் கேட்டதில்லை. ரிட்டயர் ஆகும் அன்று புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள், ரயிலுக்கு நேரமாகிவிட்டது, கையெழுத்துப் போட்டுவிட்டுக் காட்பாடிக்கு வண்டி ஏறிவிட்டேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

2017-இல் முதல் கடிதம். ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், யூனிட், இலங்கையில் இருந்த தேதி எல்லாம் எழுதி, டிஸ்சார்ஜ் புக் ஜெராக்ஸ் வைத்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்து ஒரு பக்கப் பதில். உங்கள் சர்வீஸ் ஆவணங்களில் அப்படி ஒரு பதிவு இல்லை, மெடல் கொடுத்ததற்கான பார்ட் டூ ஆர்டர் நகல் இருந்தால் அனுப்பவும், மேல் நடவடிக்கை எடுக்கப்படும். பார்ட் டூ ஆர்டர் என்பது யூனிட் ரெக்கார்ட்ஸுக்கு அனுப்பும் தாள் என்று மேலே சொன்னேன். அது சிப்பாய் கையில் எப்படி இருக்கும்? நான் போட்ட மனுவைத் தாலுகா ஆபீசில் தொலைத்துவிட்டு, அதன் ஒரிஜினலை என்னிடமே கேட்ட மாதிரி இருந்தது. சரி என்று யூனிட்டுக்கு எழுதினேன். அவர்கள் மரியாதையாக, பழைய பதிவுகள் எல்லாம் ரெக்கார்ட்ஸுக்கு அனுப்பியாகிவிட்டது, அங்கே கேளுங்கள் என்று எழுதினார்கள். மறுபடி ரெக்கார்ட்ஸுக்கு எழுதினேன். அப்புறம் கொரோனா வந்துவிட்டது, நானும் விட்டுவிட்டேன்.

எந்த ரெக்கார்ட்ஸ் என்று பெயர் சொல்லப் போவதில்லை. நம் பக்கத்துப் பையன்கள் போகாத ரெஜிமென்ட்டும் கோர் என்னும் படைப்பிரிவும் கிடையாது, வெலிங்டன், பெங்களூரு, செகந்திராபாத், நாசிக், ஜபல்பூர் என்று ஆளுக்கொரு ஊரில் ஆபீஸ். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் சொன்னது கிட்டத்தட்ட ஒரே பதில்தான், அதனால் ஓர் ஆபீசை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

2022-இல் என் மைத்துனன் மகன், அவன் சட்டம் படிக்கிறான், ‘மாமா, மெடல் கொடுன்னு கேட்காதீங்க, உங்க ஷீட் ரோல் காப்பியைக் கேளுங்க’ என்றான். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து ஆர்.டி.ஐ. போட்டோம். முப்பது நாளைக்குள் பதில் தரவேண்டும் என்பது சட்டம், கொஞ்சம் முன்னே பின்னே வந்தது. கவரைப் பிரித்தால் பதினோரு பக்கம் ஜெராக்ஸ். ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்க்கிறேன். என் கல்யாணத் தேதி இருக்கிறது. மகள் பிறந்தது இருக்கிறது. 1991-இல் லீவு முடிந்து இரண்டு நாள் லேட்டாகப் போனதற்கு வாங்கிய தண்டனை, அது மட்டும் தெளிவாக இருக்கிறது. ஆறாவது பக்கத்தில், மேலே சின்ன எழுத்தில், பாதி அழிந்த டைப்பில், ஆபரேஷன் பவன் (இலங்கையில் நம் படை நடத்திய நடவடிக்கையின் பெயர்), இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை என்று 1988 ஜூனிலிருந்து 1990 ஜனவரி வரை போட்டிருக்கிறது. பக்கத்திலேயே பார்ட் டூ ஆர்டர் நம்பரும் இருக்கிறது! ஒன்பதாவது பக்கத்தில் மெடல் பத்தி. அங்கே இலங்கை இல்லை.

அதாவது நான் அங்கே இருந்தேன் என்று ஆறாவது பக்கம் சொல்கிறது, ஒன்பதாவது பக்கத்துக்கு அது தெரியாது. நடுவில் இரண்டே தாள். அந்த இரண்டு தாளைப் புரட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை, என்னிடம் சான்று கேட்டு முத்திரை குத்திக் கடிதம் போட நேரம் இருந்திருக்கிறது. நான் சொல்ல வந்த விஷயம் முழுக்க இதுதான் ஐயா. சான்று இருக்கும் பெட்டியை அவர்கள் பூட்டி வைத்துக்கொண்டு, சாவி இல்லாத என்னிடம் கேட்கிறார்கள்.

இதில் வேறு ஒரு வேடிக்கையும் உண்டு. ஷீட் ரோலில் என் ஊர் வடஆற்காடு மாவட்டம். சேரும்போது அப்படித்தான் இருந்தது. 1989-இல் மாவட்டத்தைப் பிரித்தார்கள், அப்புறம் வேலூர் மாவட்டம் என்றானது, 2019-இல் அதையும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாக்கினார்கள். நான் வீடு மாறவே இல்லை, மாவட்டம்தான் என்னைச் சுற்றி மாறிக்கொண்டே இருந்தது. ஆதாரில் வேலூர், ரெக்கார்டில் நார்த் ஆற்காடு, முகவரி பொருந்தவில்லை என்று ஒரு குறிப்பு. என் நண்பர் ஒருவர் வாலாஜா பக்கம், அவருக்கு ஆதார் ராணிப்பேட்டை, பி.பி.ஓ. வேலூர், டிஸ்சார்ஜ் புக் நார்த் ஆற்காடு. மூன்று மாவட்டத்துக்கு ஒரே ஆள். இதற்கு வி.ஏ.ஓ.விடம் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது, நான் வாங்கி வைத்துவிட்டேன்.

இலங்கை மெடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1987 ஜூலை 29-இல் இந்தியா-இலங்கை ஒப்பந்தம், 1990 மார்ச் 24-இல் கடைசிப் படை திரும்பியது. அதற்குள் நம் பக்கத்தில் 1,100 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அது சரியா தப்பா என்று இப்போதும் டீக்கடையில் சண்டை போடுகிறார்கள், போடட்டும். சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கிய படையை வரவேற்க அன்றைக்கு இருந்த முதல்வர் கருணாநிதி போகவில்லை, தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்று அவர் சொன்ன காரணமும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊரிலேயே ஒன்றிரண்டு பேர் கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு அதில் வருத்தம் இருந்தது, கோபம் இல்லை. தமிழ் தெரிந்தவன் என்பதால் ரோந்து போனால் என்னை முன்னால் நிறுத்துவார்கள், வீட்டுக்காரர்களிடம் பேச. என்ன பேசினேன், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் இந்தக் கடிதத்துக்கு வேண்டாம். ஒன்றே ஒன்று. வவுனியாவில் ஒரு சந்தியில் செக்போஸ்ட். தினமும் காலையில் ஓர் அம்மா பனங்கிழங்குக் கட்டோடு வருவார். ஒரு நாள் பையைச் சோதித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும்போது, ‘தம்பி, நீர் எந்த ஊர்?’ என்றார். வேலூர் என்றேன். ‘ஆஸ்பத்திரி இருக்கிற வேலூரே? என்ர தங்கச்சிக்கு அங்கதான் ஒப்பரேசன் செய்தது’ என்று சொல்லிவிட்டு, இரண்டு கிழங்கை உருவி மணல்மூட்டை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த வாரம் எங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

‘அந்த மெடலால் என்ன லாபம்?’ என்று வீட்டில் கேட்கிறார்கள். வெளியேயும் கேட்கிறார்கள். ஒரு லாபமும் இல்லை. வீரச்செயலுக்குக் கொடுக்கும் விருதுகளுக்குத்தான் தனிப்பணம் உண்டு, இந்த மாதிரி மெடலுக்கு மாதம் ஒரு ரூபாய்கூட அதிகம் வராது. பின்னே எதற்கு? ஜனவரி 26 அன்று நேதாஜி மைதானத்தில் கலெக்டர் கொடியேற்றும்போது எங்களில் சிலர் கோட்டு மாட்டி, மெடல் குத்திக்கொண்டு போய் உட்காருவோம். மெடல் வரிசை கடையில் கிடைக்கும், பெங்களூரில் சொன்னால் எந்த மெடல் வேண்டுமோ வரிசையாகக் கோத்துத் தந்துவிடுவார்கள். சர்வீசில் இருப்பவர்களே பல பேர் கடையில்தான் வாங்குகிறார்கள், ஒரிஜினல் கைக்கு வர அத்தனை வருஷம் ஆகிறது. கடை மெடலுக்கும் ஒரிஜினலுக்கும் வித்தியாசம் விளிம்பில் இருக்கிறது. ஒரிஜினல் விளிம்பில் நம் நம்பரும் ரேங்க்கும் பெயரும் வெட்டியிருக்கும், நகத்தால் தடவினால் தட்டுப்படும். கடை மெடல் வழவழ என்று இருக்கும். நானும் கடையில் வாங்கியவன்தான், ஆறு இருக்கிறது. போகும்போது நாலைத்தான் குத்திக்கொண்டு போகிறேன். மற்ற இரண்டும் அல்வா டப்பாவில் கிடக்கிறது. எவனாவது வந்து ‘புக்கில் இல்லாததைக் குத்தியிருக்கிறாயே’ என்று கேட்டுவிட்டால் அதற்கப்புறம் அந்த மைதானத்துக்குப் போக முடியாது. உண்மையாகப் போய் வந்த ஆளைப் பொய்க்காரன் ஆக்க ஒரு காலி இடம் போதும்.

லாங் பஜாரில் மணிக்கூண்டுக்குக் கீழே ஒரு கல் இருக்கிறது, காய்கறிக்காரர்கள் அதற்கு முன்னால் கடை போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். இந்த ஊரிலிருந்து முதல் உலகப்போருக்கு 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. பெயர் கிடையாது. அந்த 14 பேர் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று இன்றைக்கு யாரைக் கேட்பது? அது வெள்ளைக்காரன் கல், அவன் தலையை எண்ணினான். நூறு வருஷம் கழித்து நாமும் தலையைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம். கணியம்பாடிக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை, அதை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போகிற ஊர். ‘வீட்டுக்கு ஒரு சிப்பாய்’ என்று எழுத நன்றாக இருக்கிறது, டி.வி.க்காரர்களும் வந்து படம் எடுக்கிறார்கள். அந்தச் சிப்பாய்களின் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது ஒரு நாள் போய்ப் பார்க்கலாம்.

என் விஷயம்கூடப் பரவாயில்லை, எனக்குப் பென்ஷன் இருப்பதால் கோப்பு இருக்கிறது. ஒடுகத்தூர் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், 75-ஐத் தாண்டியவர், 1971 டிசம்பரில் கிழக்குப் பக்கம் இருந்தவர். டாக்கா விழுந்த அன்று எங்கே இருந்தேன் என்று இப்போதும் மணிக்கணக்காகச் சொல்வார். அந்தச் சண்டையில் கிழக்குப் பக்கம் இருந்தவர்களுக்கான பூர்வி ஸ்டார் மெடல் வரவேண்டும், வரவில்லை. குடும்பக் கஷ்டத்தில் ஏழு வருஷத்திலேயே டிஸ்சார்ஜ் கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார், பென்ஷன் கிடையாது. பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் கோப்பை 25 வருஷத்துக்கு அப்புறம் அழித்துவிடலாம் என்று விதி இருக்கிறது. அவருக்கு அது தெரியாது. அவரிடம் நான் சொல்லவும் இல்லை. கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டில் கறையான் அரித்தது போக மீதி இருக்கிறது, யூனிட் பெயர் தெரிகிறது, தேதியில் பாதி தெரிகிறது. இவரிடம் போய்ப் பார்ட் டூ ஆர்டர் கேட்பீர்களா?

நாங்கள் கேட்பது பெரிய விஷயம் இல்லை. முன்னாள் படைவீரர் பேரணி என்று அவ்வப்போது நடத்துகிறார்கள், ரெக்கார்ட்ஸ் ஆபீஸ்களிலிருந்து வந்து மேஜை போட்டு உட்காருகிறார்கள், மனைவி பெயரில் எழுத்துப்பிழை, பிறந்த தேதி சேர்க்கவில்லை, ஸ்பர்ஷ் என்ற பென்ஷன் இணையதளத்தில் குழப்பம் இதையெல்லாம் வாங்கிப் பார்க்கிறார்கள், நல்ல காரியம். என் மனைவியின் பிறந்த தேதி அப்படி ஒரு பேரணியில்தான் சரியானது. அதே மேஜையில் மெடல் பத்தியையும் வைத்துக்கொள்ளுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் முன்கூட்டியே பெயர்ப்பட்டியல் வாங்கி அனுப்பினால், வருகிறவர்கள் ஷீட் ரோலைப் பார்த்துவிட்டே வரலாம். அந்தக் காலத்தில் அந்த யூனிட் எங்கே இருந்தது என்பது ராணுவத்துக்குத் தெரியாததா? யூனிட் இருந்தது, ஆள் அந்த யூனிட்டில் இருந்தான், லீவிலோ ஆஸ்பத்திரியிலோ இல்லை, தேவையான நாள் கணக்கு வருகிறது என்றால் ஏற்றிவிட வேண்டியதுதானே. இல்லை என்றால் இல்லை என்று காரணத்தோடு எழுதுங்கள், ஏற்றுக்கொள்கிறோம். ‘உங்களிடம் இருந்தால் அனுப்பவும்’ என்ற அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடுங்கள்.

நம் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. இன்றைக்கே புத்தகத்தைப் பிரித்து மெடல் பக்கத்தைப் பாருங்கள். விட்டுப்போயிருந்தால் முதலில் ஆர்.டி.ஐ.யில் ஷீட் ரோல் நகல் வாங்குங்கள், அப்புறம் கடிதம். நான் தலைகீழாகச் செய்து ஐந்து வருஷத்தைத் தொலைத்தேன். அனுப்பிய ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள், பழைய குரூப் போட்டோ இருந்தால் பின்பக்கம் தேதியோடு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். இப்போது சர்வீசில் இருக்கும் பையன்கள் லீவில் வரும்போது சொல்லி அனுப்புங்கள், ரிட்டயர் ஆகும் அன்று ரயிலுக்கு நேரமாகிறது என்று பார்க்காமல் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

ஆறாவது பக்கத்தின் நகலை வைத்து 2023-இல் மூன்றாவது கடிதம் போட்டேன், பதில் இல்லை. கொடிநாளுக்கு மறுநாள் நாலாவது போட்டிருக்கிறேன். ரிஜிஸ்டர் தபாலை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்களாம், கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள், அதனால் இந்த முறை ஸ்பீட் போஸ்ட். போய்ச் சேர்ந்துவிட்டது என்று மூன்றாம் நாளே போனில் மெசேஜ் வந்தது. பதில் வந்தால் அதையும் உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர்,
கணியம்பாடி ஒன்றியம், வேலூர் மாவட்டம்.
(பெயர் போட வேண்டாம், கோப்பு இன்னும் அவர்கள் மேஜையில் இருக்கிறது.)